வே தீவுக்கு நான் சொன்ன ஆறு தேதிகள்

கொரோனா காலத்தில் இந்தோனேசியாவுக்கு டைவிங் போக எப்படித் திட்டம் போட்டீர்கள் என்று யாராவது கேட்டால், நிறுத்தாமல் ஒரு மணி நேரம் பேசுவேன். எந்த மாதம் எந்த விமான நிலையம் திறந்திருந்தது, எத்தனை நாள் தனிமைப்படுத்தல், பிசிஆர் சான்றிதழ் எத்தனை மணி நேரத்துக்குச் செல்லும் என்பதெல்லாம் இன்றைக்கும் மனப்பாடம். போன மாதம் டைவிங் நண்பர்கள் கூடியபோது அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஆர்வமாகக் கேட்டார்கள். வீடு திரும்பும்போது சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். அந்த இரண்டரை வருடத்தில் எனக்கு உண்மையாகப் புரிந்த ஒரு விஷயத்தை நான் அங்கே சொல்லவே இல்லை. வே தீவில் சின்னதாக ஒரு டைவ் கடை வைத்திருக்கும் மனிதரின் நோட்டுப்புத்தகம் பற்றிய விஷயம் அது. அதை எழுதி இறக்கி வைத்தால்தான் மனசு ஆறும் என்று தோன்றியது.

வே தீவு சுமத்ராவின் வடமுனையில், பண்டா அச்சேவுக்கு எதிரே இருக்கிறது. சிங்கப்பூரில் இருப்பவர்கள் டைவிங் என்றால் பாலி, கொமோடோ, காசு சேர்த்தால் ராஜா அம்பாட் என்றுதான் போவார்கள். எனக்கு 2017இல் முதல்முறை போனதிலிருந்து வே தீவுதான். கடைக்காரரை நாங்கள் "பாங்" என்று கூப்பிடுவோம், அங்கே அண்ணனுக்கு அதுதான் சொல். அவர் எங்கள் எல்லாரையும் "அடிக்" என்பார், தம்பி. அந்தத் தீவில் எனக்குப் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. வியாழன் பொழுது சாய்ந்ததிலிருந்து வெள்ளிக்கிழமைத் தொழுகை முடியும் வரை படகு எடுக்க மாட்டார்கள். அச்சேயின் கரையோர ஊர்களில் 'பங்லிமா லாவோத்' என்ற கடல் தலைவர் உண்டு, பல நூறு வருடப் பழக்கம். கடலுக்கு எப்போது ஓய்வு என்பது அவர் வாக்கு. சுனாமி வந்த டிசம்பர் 26ஆம் தேதியும் அங்கே யாரும் கடலில் இறங்குவதில்லை. அதனால் வேவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் கேலண்டரில் வெள்ளிக்கிழமைகளை அடித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

2020 பிப்ரவரியில் நாங்கள் நான்கு பேர் ஆளுக்கு 20 லட்சம் ருப்பியா முன்பணம் அனுப்பினோம். சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர் கணக்கில் ஆளுக்கு 200 சொச்சம். ஏப்ரல் 10 புனித வெள்ளி, நீண்ட வார இறுதி. அன்றைக்குப் போய்ச் சேர்ந்து, சனிக்கிழமை காலையிலிருந்து நான்கு நாள் டைவ் என்பது ஏற்பாடு. மார்ச் 2ஆம் தேதி இந்தோனேசியாவில் முதல் தொற்று அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 2ஆம் தேதி வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவை மூடினார்கள். ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூரில் எங்களை வீட்டுக்குள் வைத்துக் கதவடைத்தார்கள். பாங்குக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டேன்: "செப்டம்பருக்கு மாத்திக்கலாமா?" ஒரே வார்த்தையில் பதில் வந்தது, "பிசா". முடியும் என்று அர்த்தம். அதற்குப் பிறகு டிசம்பர் 2020. அதற்குப் பிறகு ஏப்ரல் 2021. ஒவ்வொரு முறையும் அதே "பிசா".

எக்செல் ஷீட்

அந்த நாட்களில் வேலை முடிந்து லேப்டாப்பை மூடியதும், மறுபடி திறந்து பயணக் கணக்குப் போடுவது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. போக முடியாது என்று தெரியும். நான் ஒர்க் பாஸில், அதாவது வெளிநாட்டு ஊழியர் அனுமதியில் இருந்தவன். சிங்கப்பூரைவிட்டு வெளியே போனால் திரும்பி வருவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும், கிடைக்குமா என்று யாரும் சொல்ல முடியாது. கிடைத்தாலும் திரும்பியதும் 14 நாள் ஓட்டல் அறை, அதற்கு 2,000 வெள்ளி நம் கையிலிருந்து. இதெல்லாம் தெரிந்தும் கணக்குப் போட்டேன். எனக்கு மட்டும் அப்படியா என்றால் இல்லை, எங்கள் குழுவில் எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். ஒருவர் விமான நேரங்களைப் பார்ப்பார், ஒருவர் இந்தோனேசியச் சுற்றறிக்கைகளைக் கூகுளில் மொழிபெயர்த்துப் படிப்பார். தேதி என்று ஒன்று முன்னால் இருந்தால் அந்த வாரத்தைக் கடத்திவிடலாம் என்று இருந்தது.

கணக்கும் லேசுப்பட்டது இல்லை. டைவிங்கில் எங்களுக்கு ஏற்கனவே ஒரு கடிகாரம் உண்டு. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தால், கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறாமல் மேலே பறந்தால் ஆபத்து. இப்போது அதன் தலைமேல் பிசிஆர் கடிகாரம் வந்து உட்கார்ந்துகொண்டது. திரும்பும் விமானத்துக்கு முன் 48 மணி நேரத்துக்குள் எடுத்த சான்றிதழ் வேண்டுமென்றால், கடைசி டைவ் எப்போது, படகு எப்போது, பரிசோதனை எங்கே, முடிவு வர எத்தனை மணி நேரம் என்று பின்னாலிருந்து முன்னால் எண்ணிக்கொண்டு வர வேண்டும். வேவிலிருந்து பண்டா அச்சேவுக்கு வேகப்படகில் முக்கால் மணி நேரம். ஆனால் காற்று அடித்தால் படகு ரத்து. ஒரு படகு ரத்தானால் சான்றிதழ் செல்லாது, சான்றிதழ் செல்லாவிட்டால் விமானம் இல்லை. ஷீட்டில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் சிவப்பில் வைத்திருந்தேன்.

இன்னொன்று, எங்களில் யாருமே சத்தமாகப் பேசாத கணக்கு. கடலுக்கடியில் ஏதாவது ஆகி, உடனே அழுத்த அறைச் சிகிச்சை வேண்டும் என்றால் எல்லை தாண்டி எப்படிக் கொண்டுபோவார்கள்? சாதாரண நாளில் காப்பீடு பார்த்துக்கொள்ளும். எல்லை மூடியிருக்கும்போது, ஆஸ்பத்திரிகளில் கட்டிலே இல்லாதபோது? டைவ் செய்யக் கிளம்புகிறவன் அந்த ஊரின் மருத்துவத்தில் தனக்கு ஒரு பங்கை முன்பதிவு செய்துகொண்டுதான் கிளம்புகிறான். 2020இல் அதைச் சாதாரணமாகக் கடந்து போனேன். 2021 மே மாதம் அதற்கு மேல் கடந்து போக முடியவில்லை.

மே மாதம் திருச்சியிலிருந்து சித்தப்பா மகன் நள்ளிரவில் போன் செய்தான். சித்தப்பாவுக்கு ஆக்சிஜன் 86க்கு இறங்கிவிட்டது. "அண்ணே, நீ கடலுக்குள்ள போறப்ப முதுகுல மாட்டுவியே, அந்த சிலிண்டர் இங்க யாருகிட்ட கிடைக்கும்?" என்றான். அது ஆக்சிஜன் இல்லடா, நாம் மூச்சுவிடும் சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "சரிண்ணே" என்று வைத்துவிட்டான். விடியற்காலையில் வேறொரு வழியில் சிலிண்டர் கிடைத்தது, சித்தப்பா பிழைத்தார். இரண்டு மாதம் கழித்து ஜூலையில் ஜாவாவில் அதே காட்சி. மக்கள் தெருவில் சிலிண்டர்களோடு வரிசையில் நின்றார்கள், ஒரே நாளில் 50,000க்கு மேல் தொற்று. அந்த இரண்டு மாதமும் நான் ஷீட்டைத் திறக்கவில்லை. பாங்குக்கும் எழுதவில்லை. அவரும் எழுதவில்லை.

ஐந்தாவதும் ஆறாவதும்

ஆகஸ்டு கடைசியில் சிங்கப்பூரில் 80 சதவீதம் பேர் இரண்டு ஊசியும் போட்டு முடித்தார்கள். எனக்கு ஆசை திரும்பிவிட்டது. அக்டோபர் என்று எழுதினேன். "பிசா." அக்டோபர் 14ஆம் தேதி பாலியைத் திறப்பதாக அறிவித்தபோது எங்கள் குழுவில் நள்ளிரவு வரை பேச்சு. படித்துப் பார்த்தால் 19 நாட்டுக்காரர்களுக்கு அனுமதி. இந்தியா உண்டு, சிங்கப்பூர் இல்லை. விமானத்தில் வந்து நுழைய முன்பே விசா வாங்க வேண்டும், ஐந்து நாள் தனிமைப்படுத்தல். திறந்தார்கள், ஆனால் வெளிநாட்டிலிருந்து ஒரு நேரடி விமானம்கூட வரவில்லை. 2019இல் 62 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்த தீவு அது. 2021இன் முதல் பத்து மாதத்தில் வந்தவர்கள் 45 பேர். பாலியின் பக்கத்துத் தீவுகளில் படகு ஓட்டியவர்களும் ஓட்டல்களில் வேலை பார்த்தவர்களும், அப்பா தாத்தா காலத்தில் செய்துவந்த கடற்பாசி வளர்ப்புக்குத் திரும்பியிருந்த படங்களைப் பார்த்தேன். பாலியைப் பற்றியாவது செய்தி வந்தது. வேவைப் பற்றி எங்கும் ஒரு வரி இல்லை. பாங் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்டதெல்லாம் தேதி மாற்றும் செய்தியின் முதல் வரியில் மட்டும்தான்.

நவம்பரில் எல்லாம் சட்டென்று கனிந்தது போல இருந்தது. ஊசி போட்டவர்களுக்குத் தனிமைப்படுத்தல் மூன்று நாளாகக் குறைந்தது. இந்தோனேசியாவிலிருந்து திரும்புகிறவர்களில் ஊசி போட்டவர்களுக்குச் சிங்கப்பூர் தனிமைப்படுத்தல் இல்லாத விமானங்களை நவம்பர் 29 முதல் விடுவதாகச் சொன்னது. ஷீட்டைத் தூசி தட்டினேன். ஜகார்த்தாவில் மூன்று நாள் அறைக்குள், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் பண்டா அச்சே, தீவில் நான்கு நாள் டைவ், டிசம்பர் 26 கடல் ஓய்வு, 18 மணி நேரம், மறுபடி ஜகார்த்தா, பிசிஆர், வீடு. நான்கு நாள் கடலுக்காகப் பன்னிரண்டு நாள் விடுப்பு. விசாவுக்கு ஏஜெண்டிடம் பேசிவிட்டேன். பாங்குக்கு "இந்த முறை உறுதி, டிசம்பர் கடைசி வாரம், மூணு பேர்" என்று எழுதினேன். "உறுதி" என்ற சொல்லை இந்தோனேசிய மொழியிலேயே எழுதினேன்: பஸ்தி. அதுவரை நான் எழுதியதெல்லாம் "பெலும் பஸ்தி", இன்னும் உறுதியில்லை.

ஓமிக்ரான் வந்தது. நவம்பர் 29ஆம் தேதி தனிமைப்படுத்தல் ஏழு நாள் ஆனது. டிசம்பர் 3ஆம் தேதி பத்து நாள். நான் பெருமூச்சுவிட்டுக்கொண்டு வழக்கம்போல எழுதினேன்: "பாங், மன்னிக்கவும், பிப்ரவரிக்கு மாத்திக்கலாமா?"

அன்றைக்கு "பிசா" வரவில்லை. இரண்டு நாள் நீல டிக் மட்டும் இருந்தது. மூன்றாம் நாள் குரல் பதிவு ஒன்று வந்தது. பாங் குரல் பதிவு அனுப்புகிறவர் இல்லை. பின்னால் மழைச் சத்தம், ஒரு குழந்தை எதையோ கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், அதனால் என் சொற்களில் என்றாலும் ஏறக்குறைய அப்படியே எழுத முடியும். "தம்பி, தேதி மாத்துறது தப்பு இல்ல. ஆனா இனிமே எனக்குத் தேதி சொல்லாதீங்க. நீங்க ஒரு தேதி சொன்னா நான் மூணு பேருகிட்ட சொல்றேன். படகுக்காரர்கிட்ட, சமைக்கிற அக்காகிட்ட, துறைமுகத்துலேர்ந்து கூட்டிட்டு வர்ற என் மச்சான்கிட்ட. அந்த வாரம் அவங்க வேற எதையும் ஒத்துக்கிறதில்ல. இந்த டிசம்பருக்கு மேடான்லேர்ந்து எட்டுப் பேர் கேட்டாங்க. நீங்க பஸ்தின்னு எழுதியிருந்தீங்க. அதனால இடமில்லன்னு சொல்லிட்டேன். அவங்க வேற கடைக்குப் போயிட்டாங்க."

நான் அப்போது அலுவலகத்தின் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். கேட்டு முடித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். ஏன் இதை முன்பே சொல்லவில்லை, ஏன் ஆறு முறையும் "பிசா" என்றார் என்று. அந்தக் கோபம் ஒரு மாலை வரை இருந்தது. பிறகுதான் ஒவ்வொன்றாக உறைக்க ஆரம்பித்தது. வெளிநாட்டார் வராவிட்டாலும் உள்நாட்டுக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள் என்பதே என் தலையில் இல்லை. பண்டா அச்சேயிலிருந்தும் மேடானிலிருந்தும் வார இறுதியில் குடும்பம் குடும்பமாக, வேவை ஒட்டிய குட்டித் தீவான ருபியாவுக்கு வந்து குளித்துவிட்டுப் போகிறவர்கள் எப்போதும் உண்டு. நான் வரவில்லை என்றால் தீவே என்னை எதிர்பார்த்துக் காலியாகக் கிடக்கும் என்று ஒரு படத்தை மனதில் வைத்திருந்திருக்கிறேன். தேதி மாற்றுவதற்குச் செலவில்லை என்று நினைத்திருந்தேன். விமான நிறுவனங்கள் அதைத்தானே விளம்பரம் செய்தன, எத்தனை முறை வேண்டுமானாலும் இலவசமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று. விமானத்தில் என் இருக்கை காலியாக இருந்தால் அந்தப் படகுக்காரர் மாதிரி யாரும் கரையில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. இங்கே ஒவ்வொரு தேதிக்கும் ஒரு மனிதர் வேறு கூலியை விட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறார். நான் வாரத்தைக் கடத்த உதவிய அதே தேதி அவருடைய வாரத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறது.

ஆறு முறை என்று எண்ணிப் பார்த்தபோது உடம்பு கூசியது. செப்டம்பர் 2020ஐ நான் சொன்னபோது போக வாய்ப்பே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். மனசுக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது, அதற்காகச் சொன்னேன். அவர் ஏன் மறுக்கவில்லை என்பதும் இப்போது புரிகிறது. முன்பணத்தைச் செலவழித்துவிட்ட மனிதர் எந்த வாயால் மறுப்பார்? அன்று இரவு எழுதினேன்: "பாங், அந்தப் பணத்துக்குத் தேதி வேண்டாம். வரும்போது வருவோம். டிக்கெட் கையில் வந்த பிறகு மட்டும் எழுதுகிறேன்." பதிலுக்கு ஒரு கும்பிடு கை வந்தது.

மூன்று பேர் ஆன கதை

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான்கு பேர் பணம் கட்டினோம், டிசம்பருக்கு மூணு பேர் என்று எழுதினேன். நாலாவது நண்பன் 2020 ஜூலையிலேயே பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டான். அப்போது குழுவில் நான் அவனைக் கடுமையாகப் பேசினேன். ஒரு சின்னத் தீவில் ஒரு சின்னக் கடை, இந்த நேரத்தில் 200 வெள்ளியைத் திருப்பிக் கேட்கலாமா என்று. டைவர்கள் பலர் அந்தச் சமயத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டோம்: ரத்து செய்யாதீர்கள், தள்ளிப்போடுங்கள். எங்களுக்கு அது அறமாகப் பட்டது. அவன் ஒரே ஒரு பதில்தான் போட்டான். "அவரு கஷ்டம் கஷ்டம்னா, என் கஷ்டம் கஷ்டம் இல்லையாடா?" அதோடு குழுவிலிருந்து வெளியேறினான். நிகழ்ச்சி ஏற்பாட்டுத் துறையில் வேலை பார்த்தவன் அவன். மே மாதமே வேலை போயிருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிய வந்தபோது வருடம் முடிந்துவிட்டது.

தள்ளிப்போடுவதே நல்லது, திருப்பிக் கேட்பது கெட்டது என்று நான் போட்ட கோடு எவ்வளவு தப்பு என்பது அந்தக் குரல் பதிவைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அவன் ஒரு முறை நேராகக் கேட்டு, வாங்கி, முடித்துக்கொண்டான். பாங்குக்கு அது கஷ்டம்தான், ஆனால் எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அன்றே தெரிந்துவிட்டது. நான் நல்லவனாக இருந்துகொண்டு பதினெட்டு மாதம் அவருடைய நாட்களைப் பிடித்து வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் அதிகம் எடுத்துக்கொண்டோம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. போய் மன்னிப்புக் கேட்டேன். தேக்கா சந்தையில் டீ வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் வேறு ஏதேதோ பேசினான், கடைசியில் "விடுடா" என்றான். பயணத்துக்குக் கூப்பிட்டேன். டைவிங்கை விட்டுவிட்டதாகச் சொன்னான்.

2022 அக்டோபர்

அந்த வருடம் மார்ச்சில் இந்தோனேசியா தனிமைப்படுத்தலை எடுத்தது, ஏப்ரல் முதல் சிங்கப்பூரும் ஊசி போட்டவர்களுக்குத் திறந்துவிட்டது. எனக்கு பிப்ரவரியில் கொரோனா வந்து போயிருந்ததால் உடனே கிளம்பவில்லை. நான் நிரப்பிய டைவிங் மருத்துவப் படிவத்தில் கொரோனா வந்ததா என்று கேட்டிருந்தார்கள். வந்தது என்றால் மருத்துவர் கையெழுத்து வேண்டியிருந்தது. நெஞ்சுப் படம் எடுத்து, படியேறி இறங்கச் சொல்லி ஆக்சிஜன் பார்த்து, இன்னும் கொஞ்ச மாதம் போகட்டும் என்றார் மருத்துவர். ஆகஸ்டில் கையெழுத்துக் கிடைத்தது. டிக்கெட் வாங்கி, அதைப் படம் பிடித்து பாங்குக்கு அனுப்பினேன். தேதியை நான் எழுதவே இல்லை, டிக்கெட்டில் இருந்தது.

மேடானில் இறங்கி, வந்திறங்கும் விசாவுக்கு 5 லட்சம் ருப்பியா கட்டி, கம்போங் மெட்ராஸ் பக்கம் ஒரு சாப்பாடு சாப்பிட்டு, இரவுப் பேருந்தில் பண்டா அச்சே. விடிந்ததும் உலே லெவே துறையிலிருந்து படகு. தீவின் பாலோஹான் துறைமுகத்தில் பாங்கின் மச்சான் கார் வைத்துக்கொண்டு நின்றார். அவரை எனக்கு முகம் தெரியும், பெயர் தெரியும். இரண்டரை வருடம் நான் காக்க வைத்த மூன்று பேரில் ஒருவர் என்று அப்போதுதான் அவரைப் பார்த்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை, பையை வாங்கி டிக்கியில் வைத்தார்.

கடை பாதியாகியிருந்தது. முன்பு சுவரில் பன்னிரண்டு ரெகுலேட்டர் தொங்கும், சிலிண்டரிலிருந்து மூச்சிழுக்க வாயில் வைக்கும் கருவி. இப்போது ஐந்து. மற்றவற்றின் ரப்பர் வாய்ப்பிடிகள் வெயிலில் வெடித்துவிட்டன, நல்ல பாகங்களைக் கழற்றி இந்த ஐந்துக்குப் போட்டிருந்தார். சிலிண்டரில் காற்றடைக்கும் கம்ப்ரெசர் மட்டும் புதுசு போல இருந்தது. ஆளே வராத வாரங்களிலும் வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வந்து அதைப் பத்து நிமிடம் ஓட்டுவாராம். ஓடாமல் கிடந்தால் உள்ளே ஈரம் கட்டிக் காற்று கெட்டுவிடும். பத்து நிமிடத்துக்கும் எரிபொருள் வேண்டுமே என்றேன். "அதுக்குத்தான் உங்க பணம்" என்றார் சாதாரணமாக.

முதல் டைவ் ருபியாவுக்குப் பக்கத்தில், பத்து மீட்டர் ஆழம். வாயில் வைத்த முதல் மூச்சின் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குத் திருச்சிப் போன் நினைவுக்கு வந்து, கொஞ்ச நேரம் மணலில் மண்டியிட்டு மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாங் எதிரே மண்டியிட்டுக் காத்திருந்தார். மறுநாள் பிரியா லாவோத்தில் எரிமலைக் குமிழிகள் மணலைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் இடத்துக்குப் போனோம். கையை மணலுக்குள் விட்டால் இளஞ்சூடு, இட்லிப் பானை மூடியைத் தொட்டது போல. அதைப் பற்றி எழுத ஆசைதான், ஆனால் இந்தக் கட்டுரைக்கு அது வேலை இல்லை.

ருபியா தீவின் உள்ளே நடந்தால் இடிந்த கட்டடங்கள் வரும். டச்சுக்காரர்கள் 1920இல் கட்டிய ஹஜ் தனிமைப்படுத்தல் நிலையம். கப்பலில் மெக்கா போய்த் திரும்பியவர்களை நோய் இல்லை என்று உறுதியாகும் வரை அங்கே வைத்திருந்துதான் ஊருக்கு விட்டிருக்கிறார்கள். ஐந்து வருடம் முன்பும் அதைப் பார்த்திருக்கிறேன், படம் எடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இந்த முறை ஒரு ஜன்னல் ஓரத்தில் நின்று பார்த்தேன். அங்கிருந்து கடலும் அக்கரையும் நன்றாகத் தெரிகிறது. மாதக்கணக்கில் பயணம் செய்து வந்தவர்கள், வீடு போய்ச் சேரும் தேதி தெரியாமல் அங்கேதானே உட்கார்ந்திருப்பார்கள். அக்கரையில் யாராவது அவர்களுக்காக எத்தனை நாள் சமைத்து வைத்திருந்து வீணாக்கினார்களோ.

கடைசி நாள் மாலை கணக்கு முடிக்க உட்கார்ந்தோம். பாங் நோட்டை எடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு, அட்டை போய் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. என் பக்கத்தைத் திருப்பினார். மேலே "சிங்கப்புரா 4". நான்கை அடித்து மூன்று. கீழே ஆறு தேதிகள், ஒவ்வொன்றும் ஸ்கேல் வைத்து ஒரே நேராக அடிக்கப்பட்டிருந்தன. டிசம்பர் 2021க்கு எதிரே பென்சிலில் "மேடான் 8 ஓராங்" என்று எழுதி, அதுவும் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில் 10 லட்சம், 5 லட்சம், 5 லட்சம் என்று மூன்று தொகை, மூன்றுக்கும் மூன்று மாதம். என் நண்பனுக்குத் திருப்பிக் கொடுத்தது. மூன்று தவணையில் கொடுத்திருக்கிறார். அவனும் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை. நான் அந்தப் பக்கத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அவர் காபி கொண்டுவர உள்ளே போய்விட்டார்.

மீதித் தொகையை 2020ஆம் வருட விலைக்கே போட்டிருந்தார். செப்டம்பர் 3ஆம் தேதிதான் நாடு முழுக்க எரிபொருள் விலையை ஏற்றியிருந்தார்கள், பெட்ரோல் லிட்டர் 7,650இலிருந்து 10,000 ருப்பியா. வரும் வழியெல்லாம் அதுதான் பேச்சு. விலையை மாற்றிப் போடுங்கள் பாங் என்றேன். தேதி போட்டபோது இருந்த விலைதான் விலை என்றார். எந்தத் தேதி பாங், ஆறு இருக்கே என்றேன். முதல் தேதி என்றார். பத்து நிமிடம் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் டைவுக்குப் பழைய விலை, படகின் எரிபொருளை மட்டும் நான் படகுக்காரரிடம் நேராகக் கொடுத்துவிடுவது என்று முடிந்தது. படகுக்காரரிடம் போனேன். கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஒரு முறை எண்ணி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுபடி எப்போ வருவீங்க என்று கேட்டார். ஏப்ரலில் என்று வாய் வரை வந்துவிட்டது. டிக்கெட் வாங்கிட்டுச் சொல்றேன் பாங் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு மீதிக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.